உளப்பிணியும் சைவ ஆசிரியர் கடமையும்

உடற்பிணி போலவே உளப்பிணியும் மருத்துவரை நாடித் தீர்க்கற்பாலது. அம்மருத்துவத்துக்குச் சமய ஒழுக்கம் துணையாகுமாற்றை ஈண்டுக் கூறுவாம்.

2009 ஆம் ஆண்டு மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் முடிந்த போரிலே வன்னி மக்கள் பலர் உறவினரை இழந்தனர். பலர்க்கு அந்தியேட்டி முதலிய கிரியைகள் செய்யவும் இயலவில்லை. கிரியைகள் இருப்போரைச் சுற்றத்தோடு கூட்டி, அழுவித்து, ஆற்றுவன. அவை தடைப்பட்டவிடத்துத் துயரம் உள்ளே உறைந்து, உறக்கமின்மையாயும் அச்சமாயும் வெளிப்படும். காணாமற்போனோரின் குடும்பத்தார்க்கோ, கிரியை செய்வதா காத்திருப்பதா என்னும் ஐயமே பெருந்துன்பமாயிற்று.

உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்கள் வன்னி மக்களின் இந்நிலையை ஆராய்ந்து 2010 இல் எழுதினார்கள். மந்திரத்தை உருவேற்றுதல், மூச்சை ஒழுங்குபடுத்தல் முதலிய மரபுப் பயிற்சிகளையும் அவர்கள் சிகிச்சையிற் சேர்த்துக்கொண்டார்கள். நோயாளரது சமயத்துக்கு இயைந்த சொல்லே அங்குக் கொள்ளப்பட்டது: சைவருக்கு மந்திரம், கத்தோலிக்கருக்குச் செபம். மருத்துவர் தம் சமயத்தை நோயாளர்மேல் ஏற்றுதல் முறையன்று என்பது இதனாற் பெறப்படும்.

ஆசிரியர்களே, யாம் வேண்டுவது இது. தந்தையை இழந்த மாணவனிடம், "இது உன் முன்வினை" என்று கூறற்க. வினைக்கொள்கை தன்னைத் திருத்துதற்கு உரியது. பிறர் புண்ணைக் குத்துதற்கு உரியதன்று. அவன் பேசுங்கால் பொறுமையோடு கேண்மின். அவன் விரும்பின், திருவைந்தெழுத்தை மூச்சோடு மெல்ல ஓதப் பயிற்றுமின். வற்றாப்பளைப் பொங்கல் போன்ற விழாக்களில் அவன் குடும்பத்தாரையும் உடன் சேர்த்துக்கொள்மின். உணவை வெறுத்து, உறக்கம் நீங்கி, சாவைப் பற்றிப் பேசுவானாயின், விபூதி இட்டதோடு அமையாது, அன்றே மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்மின். வழிபாடும் மருந்தும் ஒன்றற்கொன்று பகையல்ல.