ஹம் எந்தச் சுருதியில் நிற்கிறது?

அன்புத் தம்பிக்கு,

உன் கிட்டார் அம்பை நீ பதிவு செய்து அனுப்பியதைக் கேட்டேன். வால்வுகள் சூடேறியதும் 'ம்ம்ம்' என்று தொடங்கி விடாமல் இரைகிறது. எல்லா வால்வையும் மாற்றியும் ஹம் போகவில்லை என்று எழுதியிருக்கிறாய். ஹட்டனில் இருந்துகொண்டு ஒரு ஜோடி இஎல் 34 பவர் வால்வு தேடி வாங்குவது லேசான காரியமா? இனி ஒரு சாமானும் வாங்காதே. இரைச்சல் பிறக்கும் இடம் தெரியும்வரை சோல்டரிங் அயனையும் சூடாக்காதே.

முதலில் காதைக் கொடு. கிட்டாரைச் சுருதி சேர்த்து, தடித்த ஆறாவது தந்தியை மூன்றாம் கட்டில் அழுத்தி மீட்டிப் பார். அது ஜி, 98 ஹெர்ட்ஸ். இரைச்சல் அதைவிட ஒரு மயிரிழை மேலே நின்று, இரண்டும் சேரும்போது நொடிக்கு இரண்டு அலையாக ஏறி இறங்கினால், உன் ஹம் 100 ஹெர்ட்ஸ். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலித்தால் 50. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். காசல்ரீ அணைத் தண்ணீர் நோர்ட்டன் பிரிட்ஜில் டர்பைனைச் சுற்றிவிட்டு லக்ஸபானவுக்கு இறங்குகிறதே, 1950 முதல் மின்சாரம் தரும் அந்தப் பழைய லக்ஸபான நிலையத்தின் சுருதிதான் உன் ஸ்பீக்கரிலும் கேட்கிறது. அமெரிக்கப் புத்தகங்கள் 60, 120 என்று சொல்லும். அந்தக் கணக்கு இங்கே உதவாது.

100 என்றால் ஏசியை டிசியாக்கிய பிறகு வரும் கோளாறு. வடிகட்டும் பெரிய கண்டென்சர்கள் உள்ளே காய்ந்துபோயிருக்கலாம். புஷ்-புல் அம்பில் இன்னொன்றும் நடக்கும். இரண்டு பவர் வால்வுகளும் சமமாக இழுத்தால் இரண்டிலும் வரும் அந்த 100 ஹெர்ட்ஸ் அலைகள் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஒன்று களைத்தால் கண்டென்சர் நன்றாக இருந்தும் ஹம் கேட்கும். 50 என்றால் 6.3 வோல்ட் ஹீட்டர் வயர், எர்த் வளையம், டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் ஓடும் சிக்னல் வயர், இவற்றைப் பார். கிட்டார் ஸ்பீக்கர் 50 ஹெர்ட்ஸை மெலிதாகத்தான் காட்டும், அதன் மேல்சுரங்கள் காதை ஏமாற்றும். ஆகவே காது சொன்னதைக் கையால் உறுதி செய்.

ஜாக் வயரைக் கழற்று. இரைச்சல் நின்றால் கோளாறு கிட்டாரிலோ வயரிலோ அறையின் விளக்கிலோ இருக்கிறது. வயரை மறுபடி குத்தி, கிட்டாரோடு திரும்பி நின்று பார், பிக்கப் சொல்லிவிடும். நிற்காவிட்டால் வொல்யூமைப் பூச்சியத்துக்குக் கொண்டுவா. அப்போதும் அதே அளவில் இரைந்தால் கோளாறு வொல்யூமுக்குப் பின்னால். பிறகு அம்பை நிறுத்தி, ஆறவிட்டு, முதல் வால்வைக் கழற்றிவிட்டு அம்பைப் போடு. அடுத்து இரண்டாவது. எதைக் கழற்றும்போது அமைதியாகிறதோ அங்கேயும் அதற்கு முன்னாலும்தான் தேட வேண்டும். இதைச் செய்யும்போது ஸ்பீக்கரை மட்டும் கழற்றிவிடாதே, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகும்.

நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். இதை வெளியூர்ப் புத்தகங்கள் பெரிதாகச் சொல்வதில்லை. ஆனி ஆடி மழையில் லயத்துச் சுவரே வேர்க்கும்போது அம்ப் மட்டும் காய்ந்து கிடக்குமா? ஃபெண்டர் பாணியில் செய்த பழைய அம்புகளில் ரெசிஸ்டரும் கண்டென்சரும் ஒரு கறுப்பு ஃபைபர் மட்டையில் உட்கார்ந்திருக்கும். அந்த மட்டை ஈரம் குடிக்கும். ஈரம் குடித்தால் கரண்ட் கடத்தும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைச் சேசிஸில் கொளுவி, சிவப்பு முனையை எந்த உதிரியும் இல்லாத வெறும் மட்டையில் வைத்துப் பார். பூச்சியம் காட்ட வேண்டிய இடத்தில் சில வோல்ட் காட்டினால் கள்வனைப் பிடித்துவிட்டாய். முதல் 12 ஏஎக்ஸ் 7 வால்வு தன்னிடம் வருவதை ஐம்பது அறுபது மடங்கு பெரிதாக்கும், அடுத்த கட்டம் அதையும் பெருக்கும். இந்தச் சின்னக் கசிவு பெரிய கரகரப்பாக வெளியே வருவது அதனால்தான். அம்பை நிறுத்தி, தலைமுடி காயவைக்கும் டிரையரால் மிதமான சூட்டில் மட்டையை நிதானமாகக் காயவைத்து மறுபடி அள. அளவு இறங்கினால் இனி வால்வுக் கடைப் பக்கம் போகவேண்டாம். வொல்யூம் குமிழைத் திருப்பும்போது கரகரத்து, துடைத்த பிறகும் அது திரும்பி வந்தால், முன்னால் உள்ள கண்டென்சர் டிசியைக் கசியவிடுகிறது.

சேசிஸைத் திறக்குமுன் பிளக்கைப் பிடுங்கு. பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் 400 வோல்ட் உயிரோடு நிற்கும். இன்சுலேஷன் போட்ட கிளிப் வயர்களில் 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரைப் பிடித்து வடித்துவிட்டு, மீட்டரால் பார்த்த பிறகே கையை வை. ஓடும் அம்பில் அளக்கும்போது ஒரு கை சட்டைப்பையில் இருக்கட்டும்.

இதற்குமேல் நான் எழுதுவதை அண்ணன் கட்டளையாகவே எடுத்துக்கொள். எர்த் பின்னைக் கழற்றினால் ஹம் போகும் என்று யாரோ சொன்னதாகக் கேட்டிருந்தாய். சில சமயம் போகும். ஆனால் உன் தந்தி ஜாக் வயரின் வலை வழியாகச் சேசிஸோடு சேர்ந்திருக்கிறது. ஈரத்தில் டிரான்ஸ்ஃபார்மர் இன்சுலேஷன் ஒரு நாள் விட்டால் 230 வோல்ட் உன் விரலில் நிற்கும். 1972ல் வேல்ஸின் ஸ்வான்சி நகரத்தில் ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, சரியாக எர்த் செய்யாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். தோட்டத்துத் திருவிழா மேடையில், பனி இறங்கும் ராத்திரியில், நீயும் கிட்டாரைப் பிடித்துக்கொண்டுதான் மைக்குக்கு வாயைக் கொடுக்கிறாய். எர்த் வளையம் இருந்தால் அம்பையும் மிக்சரையும் ஒரே சொக்கெட் வரிசையில் குத்து. அப்படியும் போகாவிட்டால் சிக்னல் வயரில் ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் போட்டுப் பிரி. கரண்ட் எர்த்தைக் கழற்றாதே. வாசிக்கப் போகும் இடத்தில் டிரிப் சுவிட்ச் இருக்கிறதா என்று கேட்டு, டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டு ஏறு.

மட்டையைக் காயவைப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த வோல்ட் அளவுகளையும், ஹம் ஜிக்கு மேலே நின்றதா கீழே நின்றதா என்பதையும் எழுது. இரண்டு பவர் வால்வுகளின் கதோட் வோல்ட்டேஜும் வேண்டும். அதைப் பார்த்துவிட்டுக் கண்டென்சர் வாங்குவதா வேண்டாமா என்று சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்