முகத்துக்கு ஒத்துக்கொள்கிறதா?

அன்புள்ள கயல்விழிக்கு,

உணர்திறன் மிக்க சருமம் என்பது ஒரு நோயின் பெயரன்று. மற்றவர்களை ஒன்றும் செய்யாத சோப்போ வெயிலோ குளிர்காற்றோ பட்டாலே எரிச்சல், குத்தல், அரிப்பு, இறுக்கம் என்று தோன்றும் தன்மை அது. சிவப்போ தடிப்போ வெளியே தெரிய வேண்டும் என்பதில்லை. பார்ப்பவருக்கு முகம் நன்றாகத்தான் இருக்கும், உடையவருக்குத்தான் எரியும். ஆகவே ஒரு ஃபேஸ் வாஷ் அத்தகைய முகத்துக்கு ஒத்துக்கொள்கிறதா என்பதை உறையோ கடைக்காரரோ சொல்லிவிட முடியாது. கழுவிய பிறகு அந்தத் தோல் எப்படி இருக்கிறது என்பதே சான்று.

தோலின் மேற்பரப்பு இயல்பிலேயே சற்று அமிலத்தன்மை உடையது. அதன் பி.ஹெச். ஏறத்தாழ 4.7 முதல் 5.5 வரை இருக்கும். ஜெர்மானிய மருத்துவர்கள் ஷாடேயும் மார்கியோனினியும் 1928-இல் இதை அமிலப் போர்வை என்று குறிப்பிட்டார்கள். இந்தப் போர்வைக்குக் கீழே, மேல்தோலின் செல்களுக்கு இடையில் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் கலந்த பூச்சு ஒன்று உண்டு. உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே விடாமல் காப்பது அதுதான். சாதாரண சோப்பின் பி.ஹெச். 9 முதல் 10. அது பட்டால் மேல்தோலின் புரதம் உப்புகிறது, இடைப்பூச்சு கரைகிறது. கழுவியதும் விரல் வழுக்காமல் கன்னத்தில் கிறீச்சிட்டு நிற்பதைச் சுத்தம் என்று எண்ணி மகிழ்பவர்கள் உண்டு. இருக்க வேண்டிய எண்ணெயும் போய்விட்டது என்பதுதான் அதற்குப் பொருள்.

சோப்பு உறையில் அச்சிடும் டி.எஃப்.எம். எண்ணும் இதே குழப்பத்தைச் செய்கிறது. 76 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் இந்தியத் தர விதிப்படி முதல் தரம். ஆனால் அந்த எண் சோப்பிலுள்ள கொழுப்புப் பொருளின் கணக்கே தவிர, மென்மையின் அளவன்று. முதல் தரச் சோப்பும் காரச் சோப்புதான். சோப்பே இல்லாமல் செய்யப்படும் சிண்டெட் கட்டிகளை டி.எஃப்.எம். எண்ணைக் கொண்டு எடைபோடுவதில் அர்த்தமில்லை. முகத்துக்குப் பெரும்பாலும் அவையே இதமானவை.

உறையின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் நம்பத்தக்கது. ஒவ்வாமை தராதது என்ற பொருளில் அச்சிடும் 'ஹைப்போஅலர்ஜெனிக்' என்ற சொல்லுக்கு வரையறை வகுக்க அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1975-இல் ஒரு விதி கொண்டுவந்தது. அழகுப்பொருள் நிறுவனங்கள் வழக்குத் தொடுக்க, 1977-இல் நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. இன்றுவரை அங்கே அச்சொல்லுக்குச் சட்ட வரையறை இல்லை. 'தோல் மருத்துவர்களால் சோதிக்கப்பட்டது' என்பது சோதனை நடந்ததை மட்டுமே சொல்கிறது, முடிவைச் சொல்வதில்லை.

பின்பக்கப் பட்டியலில் முதலில் தேட வேண்டியது வாசனைப் பொருள். 'பர்ஃப்யூம்', 'ஃப்ரேக்ரன்ஸ்', லிமோனீன், லினலூல் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் ஒதுக்கிவிடலாம். மணமே இல்லாத பொருளிலும், மூலப்பொருளின் வாடையை மறைக்க வாசனை சேர்ப்பதுண்டு. மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பதப்படுத்தியை அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2013-ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. எல்லோரும் பயப்படும் பாரபென் பதப்படுத்திகளை அதே சங்கம் 2019-இல் 'ஒவ்வாமை தராத பொருள்' என்று அறிவித்தது வேடிக்கைதான். சோடியம் லாரில் சல்ஃபேட், ஆய்வுகளில் வேண்டுமென்றே எரிச்சல் உண்டாக்கப் பயன்படும் பொருள். பட்டியலின் முற்பகுதியில் அது இருந்தால் வாங்காமல் திருப்பி வைத்துவிடுவதே நல்லது. ஆனாலும், பல்லாண்டுகள் தோல் மருத்துவர்கள் எழுதித்தந்த செட்டாஃபில் திரவத்தின் பழைய கலவையில் அது இருந்தது. அளவும் உடன்சேர்ந்த பொருள்களும் சேர்ந்துதான் ஒரு கலவையின் குணத்தை முடிவு செய்கின்றன. பட்டியல் வடிகட்ட உதவும்; தீர்ப்பு சொல்ல உதவாது.

தீர்ப்புக்குச் சோதனை வேண்டும். முழங்கையின் உட்பக்க மடிப்பில் நாணயம் அளவு இடத்தில் நீருடன் தடவி, ஐந்து நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். நாளுக்கு இரு முறை, ஏழு முதல் பத்து நாள். அங்கே ஒன்றும் ஆகாவிட்டால் தாடையோரத்தில் சில நாள், பிறகு முழு முகத்துக்கு இரவில் ஒரு வேளை. இந்த நாள்களில் வேறு புதிய க்ரீம் எதையும் தொடங்கக்கூடாது; தொடங்கினால் குற்றவாளி எது என்று தெரியாது. முகத்தில் பார்க்கும்போது, கழுவி ஒற்றியெடுத்த பின் அரைமணி நேரம் எதையும் பூசாமல் விட வேண்டும். அதற்குள் கன்னம் இழுத்துப் பிடித்தால், க்ரீம் பூசினால்தான் நிம்மதி என்றிருந்தால், அந்தக் கழுவி அந்த முகத்துக்கானது அன்று. 'முதலில் எரியும், போகப்போகப் பழகிவிடும்' என்ற பேச்சை மென் கழுவி விஷயத்தில் ஏற்க வேண்டியதில்லை.

போட்டவுடனோ சற்று நேரத்திலோ எரிவது பெரும்பாலும் உறுத்தல். ஒன்றிரண்டு நாள் கழித்து அரிப்பும் வீக்கமுமாக வருவது ஒவ்வாமை. ஆண்டுக்கணக்கில் பயன்படுத்திய பொருளுக்கும் ஒருநாள் ஒவ்வாமை தொடங்கலாம்.

தண்ணீரையும் மறந்துவிடக் கூடாது. ஆழ்துளைக் கிணற்றுக் கடின நீரில் சோப்பு சுண்ணத்தோடு சேர்ந்து படிவாகத் தோலில் தங்கும். ஊர் மாறியதும் பழைய ஃபேஸ் வாஷ் உறுத்தினால் காரணம் அதுவாக இருக்கலாம். வெந்நீரும் பஞ்சுத் தேய்ப்பியும் எந்த மென்மையையும் கெடுத்துவிடும். இயற்கையானது என்பதற்காகக் கடலைமாவும் எலுமிச்சையும் விலக்குப் பெறுவதில்லை: மாவின் பரல் உரசும், எலுமிச்சைச் சாற்றின் பி.ஹெச். 2 அளவில்தான்.

முகம் திடீரென்று எதையும் தாங்காமல் போனால், கழுவியைக் குறை சொல்லும் முன் அதுவரை பூசிய க்ரீமைப் பார்க்க வேண்டும். நிறம் கொடுக்கும் என்று மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் களிம்புகள் பலவற்றில் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டுகள் உண்டு. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, ரத்தநாளம் தெரிந்து, வெயில் பட்டாலே எரியும். நிறுத்தினால் இன்னும் மோசமாகச் சிவக்கும், அந்தச் சிவப்புக்குப் பயந்து மீண்டும் பூசுவார்கள். மேல்பூச்சு ஸ்டீராய்டுகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தும் விற்பனை நின்றபாடில்லை. இதை எந்த ஃபேஸ் வாஷும் சரிசெய்யாது. தோல் மருத்துவரே வழி.

ஒவ்வாமை என்று சந்தேகம் வந்தால் தோல் மருத்துவர் நம் முதுகில் ஒட்டுச் சோதனை செய்வார். ஒட்டியதை 48 மணி நேரத்தில் எடுத்துப் பார்த்து, இரண்டொரு நாள் கழித்து மறுபடி பார்ப்பது வழக்கம். போகும்போது ஃபேஸ் வாஷை மட்டுமன்றி ஷாம்பு, தலைச்சாயம், நகப்பூச்சு எல்லாவற்றையும் உறையோடு எடுத்துப்போக வேண்டும். கண்ணிமையிலும் கழுத்திலும் தோன்றும் ஒவ்வாமை பல வேளை அவற்றிலிருந்து வருவது.

அன்புடன்,
பெரியம்மா