சொல்லிலிருந்து செயலுக்கு: ராக்டேல் நெசவாளர் நடந்த வழி

சங்கங்களின் நடவடிக்கைப் புத்தகங்களைப் புரட்டிப் பார்ப்பது நம் அலுவல். அவற்றுள் ஒரு வாசகம் அடிக்கடி கண்ணிற்படும்: “இவ்விஷயத்தை அடுத்த கூட்டத்தில் ஆலோசிப்பதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.” அடுத்த கூட்டத்தின் பக்கத்தில் அவ்விஷயம் பெரும்பாலும் இராது. இது சங்கங்களுக்கு மாத்திரம் உள்ள குறையன்று. தறியில் ஜக்கார்டு பெட்டி ஏற்றப் போவதாகச் சொல்லும் நெசவாளரும், சொட்டுநீர்க் குழாய் போடப் போவதாகச் சொல்லும் விவசாயியும், கூட்டுறவுப் பயிற்சியில் சேரப் போவதாகச் சொல்லும் அவர் மகனும் பொய்யர் அல்லர். சொல்லும் வேளையில் உள்ளன்போடுதான் சொல்லுகின்றனர். ஆயினும் ஆண்டு ஒன்று கழிந்தபின் அதே சொல்லை அதே திண்ணையில் மறுபடி கேட்கிறோம். செயல் எவ்விடத்தில் தங்கிப் போகிறது? இதனை ஆராய நம் இயக்கத்தின் தொடக்கக் கதையே போதும்.

இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகிலுள்ள ராக்டேல், கம்பளி நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். 1840-களில் அங்குள்ள தொழிலாளரிடையே பேச்சுக்குப் பஞ்சமில்லை. ராபர்ட் ஓவனின் சமுதாயக் கொள்கையைப் பேசியோர் ஒருபுறம். சாசன இயக்கத்தைச் சார்ந்து வாக்குரிமை பற்றிப் பேசியோர் மற்றொருபுறம். கூலி உயர்வுக்காகச் செய்த முயற்சி பலிக்கவில்லை. அதற்குச் சுமார் பத்தாண்டுகட்கு முன் அதே ஊரில் திறந்த கூட்டுறவுக் கடை ஒன்றும் கடன் கொடுத்துக் கொடுத்தே மூழ்கியிருந்தது.

இந்நிலையில் 1844-ஆம் ஆண்டில் 28 பேர் கூடிச் சங்கம் அமைத்தனர். எல்லோரும் நெசவாளர் என்பது வழக்கமாகச் சொல்லப்படுவது. வேறு தொழிலாளரும் அவர்களுள் இருந்தனர். அவர்களது விதிகளில் எழுதப்பட்ட நோக்கங்களைப் படித்தால் வியப்பு உண்டாகும். கடை திறத்தல், உறுப்பினர்க்கு வீடு கட்டுதல், வேலையற்றோர்க்காகத் தொழிற்சாலை நடத்துதல், நிலம் வாங்கிப் பயிரிடுதல், முடிவில் தம்மைத் தாமே ஆண்டுகொள்ளும் ஒரு குடியிருப்பையே நிறுவுதல்! இத்துணைப் பெரிய பேச்சைப் பேசியவர்கள் முதலில் செய்தது யாது? வாரம் ஒன்றுக்கு ஆளுக்கு இரண்டு பென்ஸ் சேர்த்தனர். பின்னர் அதனை மூன்று பென்ஸாக்கினர்.

இங்கே ஒரு சிறு ஏற்பாட்டை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். சரித்திரம் எழுதுவோர் இதனை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுவர். நம் கருத்தில் காரியம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. ஊரை மூன்று பகுதிகளாகப் பிரித்து, மூன்று வசூல்காரரை நியமித்தனர். அவர்கள் ஞாயிறுதோறும் உறுப்பினர் வீடுகளுக்கே சென்று காசு வாங்கினர். “பணம் இருக்கும்போது கொண்டுவந்து கட்டுங்கள்” என்று விட்டிருந்தால், அந்த வறுமையில் பணம் என்றுமே இருந்திராது. நாள் குறித்தாயிற்று, இடம் உறுப்பினரின் வாசல், தொகை, இல்லையென்று சொல்லக் கூசும் அளவுக்குச் சிறியது, கேட்க வருபவரோ தெரிந்த மனிதர். சாக்குச் சொல்வதானால் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும்.

இவ்வாறு 28 பவுன் சேர்ந்தது. டோட் லேன் என்னும் தெருவில் பழைய கிடங்கு ஒன்றின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்து, 1844 டிசம்பர் 21-ஆம் தேதி மாலை கதவைத் திறந்தனர். சரக்கு சொற்பம்: மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, சில மெழுகுவர்த்திகள். தெருவில் திரண்ட ஆலைப் பையன்கள் கேலி செய்து கூச்சலிட்டனர். கடையும் நாள்தோறும் திறக்கவில்லை. வாரத்தில் இரண்டு மாலைகளே. ஆனால் ரொக்கத்திற்கே விற்பனை என்ற விதியை விடவில்லை. முந்தைய கடை மூழ்கிய காரணத்தைப் பேசித் தீர்க்காமல் விதியாகவே எழுதிக்கொண்டது அவர்களது கூரிய அறிவைக் காட்டுகிறது. 1845 முடிவில் உறுப்பினர் 74 பேர்; 1850-இல் 600 பேர். 1904-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் தோன்றிய நகரக் கூட்டுறவுச் சங்கமும் இம்மரபைச் சேர்ந்ததே.

நிற்க. தனி மனிதரின் விஷயத்திற்கு வருவோம். மனநூல் அறிஞர் பீட்டர் கோல்விட்சரும் அவருடன் உழைத்தோரும் 2009-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று நமக்குப் பயன்படும். சட்ட மாணவர் முதலியோர் தம் தொழிலில் சிறக்க எண்ணியதை எழுதித் தந்தனர். சிலருடைய எண்ணத்தைப் பிறர் படித்து அறிந்துகொண்டனர்; சிலருடையதை எவரும் கவனிக்கவில்லை. பின்னர் வேலை கொடுத்தபோது, எண்ணம் பிறரால் அறியப்பட்டவர்களே குறைவாக உழைத்தனர். சொன்ன மாத்திரத்தில் பாதி அடைந்துவிட்டதாக மனம் திருப்தி கொள்கிறது போலும். ஆதலின் சொல்லவே கூடாதென்பது நம் கருத்தன்று. ராக்டேலாரும் ஊரறியப் பேசியவர்களே; ஆனால் பாராட்டுவோரிடம் பேசி நிற்காமல், காசு கேட்டு வருவோரிடம் பேசினர். இவ்விரண்டிற்கும் வேற்றுமை பெரிது.

அதே அறிஞர் 1999-இல் விளக்கிய மற்றொரு முறையும் உண்டு. “செய்வேன்” என்பதோடு நில்லாமல், “இன்ன வேளை வந்தால் இன்னதைச் செய்வேன்” என முன்கூட்டியே முடிவு செய்வது அது. ஜக்கார்டு பெட்டி விரும்பும் நெசவாளர், “கூலி வாங்கும் நாளில், சங்கத்தின் படி இறங்குமுன் நூறு ரூபாயைச் சேமிப்பில் கட்டுவேன்” என்று எழுதிக்கொள்ளட்டும். வாரந்தோறும் கட்டினால் ஆண்டில் 5,200 ரூபாய் ஆகும். பெட்டியின் விலை அதனினும் மிகுதியாகவே இருக்கலாம்; எனினும் கடனுக்கு விண்ணப்பிக்கையில் கையில் ஒரு தொகை இருக்கும். விவசாயிக்கு முதல் வேலை குழாய் வாங்குவதன்று. கிணற்றின் நீரளவையும் வயலின் பரப்பையும் அளந்து எழுதுவது. மகனுக்கோ, பயிற்சி நிலையத்தின் விண்ணப்பத் தேதியை விசாரித்து வருவது. இவற்றுள் எதுவும் ஒரு முற்பகலுக்கு மேற்பட்ட வேலையில்லை.

சங்கத்தில் படிப்பு வட்டம் நடத்துவோர் ஒரு சிறு பதிவேடு வைக்கலாம். உறுப்பினர் பெயர், செய்யவிருக்கும் வேலை, நாள், விசாரிக்க வேண்டியவர் பெயர் ஆகிய நான்கு பத்திகள் போதும். நான்காவது பத்தி காலியாக இருந்தால் பதிய வேண்டாம். அடுத்த மாதக் கூட்டத்தில் புதுப் பேச்சு எதுவும் தொடங்குமுன், விசாரித்தவர் எழுந்து நடந்ததா இல்லையா என்பதை மட்டும் சொல்லி அமரட்டும்.