அறந்தாங்கியில் வீடு கட்ட "கிரீன் சர்ட்டிஃபிகேட்" கட்டாயமா? கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியது



சென்னையிலோ கோயம்புத்தூரிலோ வேலை, சொந்த ஊர் அறந்தாங்கி, அங்கே அப்பா வாங்கிப்போட்ட ஒரு மனை. இப்போ அதுல ஹோம் லோன் போட்டு வீடு கட்டணும். நம்ம சேனல் பார்க்குற நிறைய பேரோட நிலைமை இதுதான். பிளான் போடும்போதே "சார், இப்பல்லாம் கிரீன் பில்டிங் சர்ட்டிஃபிகேட் இல்லைன்னா அப்ரூவல் வராது, பேக்கேஜா முடிச்சுத் தர்றோம்"னு ஒருத்தர் சொன்னா என்ன செய்வீங்க? பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுடுங்க.

நேரடியான பதில்: ஒரு சின்ன தனி வீட்டுக்கு அப்படி ஒரு சான்றிதழ் கட்டாயம் இல்லை. ஆனா சட்டம் உங்ககிட்ட கேக்குற சில விஷயங்கள் இருக்கு. அதுக்கு நீங்களே கையெழுத்துப் போடுறீங்க. கவனிக்க வேண்டியது அந்தக் கையெழுத்தைத்தான்.

எது கட்டாயம், எது விருப்பம்?

ஐ.ஜி.பி.சி, கிரிஹா ரெண்டும் இந்தியாவுல பிரபலமான பசுமைக் கட்டட மதிப்பீடுகள். 2,500 சதுர மீட்டருக்குக் குறைவான கட்டடங்களுக்குன்னே கிரிஹாவுல "ஸ்வகிரிஹா"ன்னு தனிப் பிரிவு இருக்கு. இவை எல்லாமே நாமா விரும்பிப் போய் வாங்குற மதிப்பீடுகள்.

மத்திய அரசோட "எகோ நிவாஸ் சம்ஹிதா" 2018 டிசம்பர்ல வந்தது. வீடுகளுக்கான மின்சிக்கன விதித்தொகுப்பு இது. 500 சதுர மீட்டரோ அதுக்கு மேலயோ மனை இருக்கற குடியிருப்புகளை மனசுல வெச்சு எழுதினது. 500 சதுர மீட்டர்னா கிட்டத்தட்ட 5,380 சதுர அடி, அதாவது 12 சென்ட்டுக்கு மேல. 2022-ல திருத்தின எரிசக்தி சேமிப்புச் சட்டம் பேசுறது 100 கிலோவாட் மின்பளு உள்ள கட்டடங்களை. சுற்றுச்சூழல் அனுமதிங்கிறது 20,000 சதுர மீட்டர் கட்டட பரப்புல இருந்துதான் ஆரம்பிக்குது. நம்ம 1,400 சதுர அடி வீடு இதுல எந்தக் கணக்குலயும் வராது.

சின்ன வீட்டுக்கும் கட்டாயமா உள்ளது மழைநீர் சேகரிப்பு. தமிழ்நாட்டுல 2003-ல அவசரச் சட்டம் மூலமா எல்லாக் கட்டடத்துக்கும் வந்தது. கட்டட அனுமதிக்கான இப்போதைய அடிப்படை, 2019-ம் வருஷத்து தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். மனையைச் சுத்தி விட வேண்டிய காலி இடம், உயரம், மொத்தப் பரப்பு எல்லாம் அதுலதான் இருக்கு.

சுயசான்று: அனுமதி ஈஸி, பொறுப்பு உங்களோடது

2024 ஜூலை 22 அன்னைக்கு தமிழ்நாடு அரசு சுயசான்று திட்டத்தைத் தொடங்குச்சு. 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டடம், தரைத்தளம் அல்லது தரைத்தளத்தோட முதல் தளம். இதுக்குள்ள இருந்தா ஒற்றைச் சாளர இணையதளத்துல விண்ணப்பிச்சு, கட்டணம் கட்டினதும் அனுமதி கிடைக்கும். முன்கூட்டியே அதிகாரி வந்து மனையைப் பார்க்க மாட்டார். கட்டி முடிச்ச பிறகு நிறைவுச் சான்றும் தேவையில்லை. மனை நகராட்சி எல்லைக்குள்ள இருந்தா அறந்தாங்கி நகராட்சி, வெளியே இருந்தா அந்த ஊராட்சி. கட்டண விகிதம் அதைப் பொறுத்து மாறும்.

யாரும் வந்து பார்க்க மாட்டாங்கன்னா எப்படி வேணா கட்டலாம்னு அர்த்தம் இல்லை. "விதிப்படிதான் கட்டுறேன்"னு நீங்க எழுதிக் கொடுத்திருக்கீங்க. தகவல் தப்புன்னு தெரிஞ்சா அனுமதி ரத்தாகும். பிளான்ல பக்கத்துல காலி இடம் காட்டிட்டு, மேஸ்திரி சொன்னார்னு அதையும் சேர்த்துக் கட்டினா, அடுத்த தவணை லோன் கொடுக்க வர்ற வங்கி மதிப்பீட்டாளர் முதல்ல கேள்வி கேப்பார். பத்து வருஷம் கழிச்சு வீட்டை விக்கப் போனா, வாங்குறவரோட வக்கீல் கேப்பார்.

இன்னொண்ணு: மனை அங்கீகாரம் பெற்ற லேஅவுட்டா இருக்கணும், இல்லைன்னா வரன்முறைப்படுத்தியிருக்கணும். அப்பா காலத்துல வாங்கின மனைகள்ல பெரும்பாலும் இங்கதான் சிக்கும். 2016 அக்டோபர் 20-க்கு முன்னாடி பதிவான அங்கீகாரமில்லா மனைகளுக்காக 2017-ல வரன்முறை விதிகள் வந்தது. பிளான் வரையறதுக்கு முன்னாடி கிரயப் பத்திரம், பட்டா, வரன்முறை ஆணை மூணையும் எடுத்துப் பாருங்க.

சான்றிதழ் வாங்கினா லோன் வட்டி குறையுமே?

சில கடன் நிறுவனங்கள் பசுமை வீட்டுக்குச் சின்ன சலுகை தர்றது உண்மைதான். எவ்வளவு லாபம்னு கணக்குப் போடுவோம். 30 லட்சம் லோன், 20 வருஷம், 8.5% வட்டின்னா ஈ.எம்.ஐ சுமார் ₹26,035. வட்டியில 0.10% சலுகை கிடைச்சா ₹25,845. மாசம் ₹190 மிச்சம். இருபது வருஷத்துக்கும் சேர்த்து சுமார் ₹45,600. இந்தப் பணம் கைக்கு வர 20 வருஷம் ஆகும், ஆனா சான்றிதழ் கட்டணமும் ஆலோசகர் ஃபீஸும் இன்னைக்கே போகும். அந்தச் செலவு ₹45,600-ஐ நெருங்கினாலே உங்களுக்கு நஷ்டம்தான்.

அந்தக் காசை எங்க போடலாம்?

முதல்ல மொட்டை மாடி. எகோ நிவாஸ் சம்ஹிதா, கூரை வழியா வெப்பம் இறங்குறதுக்கு ஒரு வரம்பு வெச்சிருக்கு: சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 1.2 வாட். வெறும் காங்கிரீட் ஸ்லாப் அந்த வரம்பைத் தாண்டிடும். நமக்கு இது சட்டப்படி கட்டாயம் இல்லைன்னாலும், அளவுகோலா வெச்சுக்கலாம். வெதரிங் கோர்ஸ் ஒழுங்கா போடுங்க, மேல வெள்ளை நிற டைல்ஸ் ஒட்டுங்க, மேற்குப் பக்க ஜன்னலுக்கு அகலமான சன் ஷேடு வைங்க. ஏசி ஓடுற நேரம் குறையும்.

ரெண்டாவது, மழைநீர். 1,000 சதுர அடி மாடியில 100 மில்லிமீட்டர் மழை பெஞ்சா சுமார் 9,290 லிட்டர். கால்வாசி வீணாப் போனாலும் 7,000 லிட்டர் போர் பக்கத்துல இறங்கும். அறந்தாங்கிப் பக்கம் கல்லணைக் கால்வாயோட கடைமடை. வடகிழக்குப் பருவமழையில கிடைக்குறதைப் பிடிச்சு வெச்சாதான் கோடையில லாரித் தண்ணிச் செலவு மிச்சம். கட்டும்போதே பைப் லைனும் வடிகட்டித் தொட்டியும் போடுங்க, போட்டோ எடுத்து வைங்க.

மூணாவது, சோலார். பிரதமரின் சூர்ய கர் திட்டத்துல 1 கிலோவாட்டுக்கு ₹30,000, 2-க்கு ₹60,000, 3-ம் அதுக்கு மேலயும் ₹78,000 மானியம். ஆனா ஊர்ல அப்பா அம்மா மட்டும் இருந்து, ரெண்டு மாசத்துக்கு 200 யூனிட்தான் ஓடுதுன்னா அவசரப்படாதீங்க. அதுல 100 யூனிட் ஏற்கெனவே இலவசம், போட்ட காசு திரும்ப ரொம்ப நாளாகும். 500 யூனிட்டைத் தாண்டுற வீட்டுக்குத்தான் ஸ்லாப் மாறி பில் எகிறும், அங்க சோலார் நல்ல முதலீடு. இப்போதைக்கு மாடியில இடமும் ஒயர் போக பைப்பும் விட்டு வைங்க. பேனல் போடும்போது ஸ்டாண்டு பலமா இருக்கணும். 2018 நவம்பர்ல கஜா புயல் நம்ம மாவட்டத்துல என்ன பண்ணுச்சுன்னு உங்களுக்கே தெரியும்.

ஒரு சி.ஏ-வா கடைசியா ரெண்டு விஷயம்

ஒண்ணு, புதிய வரி முறையில இருந்தா, நீங்க குடியிருக்கற வீட்டுக்கு வட்டிக் கழிவு கிடையாது. அதை நம்பி ஈ.எம்.ஐ-யைப் பெருசாக்காதீங்க. பழைய முறையில வருஷத்துக்கு 2 லட்சம் வரை உண்டு. ஆனா கடன் வாங்கின நிதியாண்டு முடிஞ்சு 5 வருஷத்துக்குள்ள வீடு முடியணும், இல்லைன்னா வரம்பு ₹30,000 ஆயிடும்.

ரெண்டு, சுயசான்றுல நிறைவுச் சான்று இல்லைன்னு சொன்னேன். அப்போ வீடு எப்ப முடிஞ்சதுன்னு வருமான வரித்துறை கேட்டா என்ன காட்டுவீங்க? இன்ஜினியர்கிட்ட தேதியோட ஒரு முடிவுச் சான்று, வீட்டு வரி விதிப்பு ஆணை, கரண்ட் இணைப்பு ரசீது. மூணையும் அனுமதி ஆணை, ஒப்புதலான வரைபடத்தோட ஒரே ஃபைல்ல போட்டு வைங்க, ஸ்கேன் காப்பி உங்க மெயில்லயும் இருக்கட்டும்.

இனி யாராவது "கிரீன் சர்ட்டிஃபிகேட் கட்டாயம்"னு சொன்னா, "எந்த விதியில இருக்கு, எழுத்துல கொடுங்க"ன்னு கேளுங்க. பதில் வந்த பிறகு பணத்தைப் பத்திப் பேசலாம். வீடு கட்டப்போற நண்பருக்கு இதை அனுப்புங்க. அடுத்த பதிவுல வங்கி எப்படித் தவணை தவணையா லோன் விடுவிக்குதுன்னு பார்க்கலாம்.