கௌதாரி இறகும் ஆரஞ்சுப் பட்டும்

அன்புள்ள கதிருக்கு,

ட்ரவுட் மீன் பிடிக்க, தூண்டில் முள்ளில் பூச்சி போல நீ கட்டி அனுப்பிய ஃப்ளையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தலைமுடிச்சு சின்னதாக, இறுக்கமாக விழுந்திருக்கிறது. உடம்பும் சரி. இறகுதான் அதிகம். நாலைந்து சுற்று சுற்றியிருக்கிறாய் போல. ஆற்றில் அது குடை மாதிரி விரிந்து நிற்கும். சுலபத்தில் மூழ்காது, மூழ்கினாலும் அசையாது. மெல்லிய இறகு சுற்றும் இந்த சாஃப்ட் ஹேக்கிள் வகைக்கு அசைவுதான் உயிர்.

நீ படிக்கப் போயிருக்கும் யார்க்‌ஷயரின் லீட்ஸிலிருந்து இல்க்லிக்கு ரயிலில் அரைமணி நேரம்தான். அங்கே ஓடும் வார்ஃப் ஆறும், வடக்கே நிட், யூர் ஆறுகளும்தான் இந்த ஃப்ளைகளின் சொந்த ஊர். அந்தப் பக்கத்துத் தூண்டில்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிவந்தவற்றை டி. இ. பிரிட் 1885இல் வண்ணப் படங்களோடு புத்தகமாக்கினார். 1916இல் எட்மண்ட்ஸும் லீயும் இன்னும் நுணுக்கமாக எழுதினார்கள். அமெரிக்காவில் சில்வெஸ்டர் நீம்ஸ் 1975இல் இதற்கென்றே ஒரு நூல் எழுதிய பிறகு, மறந்துபோயிருந்த பலர் மறுபடி கட்டத் தொடங்கினார்கள். முடிந்தால் பிரிட்டின் படங்களை நூலகத்தில் பார். எவ்வளவு ஒல்லியாக இருக்கின்றன என்பதை மட்டும் கவனி.

அந்த ஒல்லிக்குக் காரணம் உண்டு. ட்ரவுட் தன் தீனியில் பெரும்பகுதியைத் தண்ணீருக்குள்ளேயே எடுத்துக்கொள்கிறது. ஆற்றடிக் கற்களில் வளர்ந்த மேஃப்ளை, கேடிஸ் போன்ற பூச்சிகள் பருவம் வந்ததும் மேலே ஏறுகின்றன. பழைய தோல் பாதி கழன்று, இறக்கை பாதி விரிந்து, நீரின் மேற்பரப்பை உடைத்து வெளியேற முடியாமல் தத்தளிக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் அவற்றால் தப்பவே முடியாது. ட்ரவுட்டுக்கு அது நன்றாகத் தெரியும். மிதக்கும் ஃப்ளைக்குச் சேவல் கழுத்தின் விறைப்பான இறகு வேண்டும். கௌதாரி இறகோ மென்மையானது, சின்ன நீரோட்டத்துக்கும் ஒடுங்கி விரியும். ட்ரவுட் பார்ப்பது அந்தத் துடிப்பை. இழைகள் நெருக்கமாகிவிட்டால் ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டு நின்றுவிடும், துடிப்பு போய்விடும்.

இனி கட்டுகிற விஷயம். 14ஆம் எண் முள்ளை வைஸ் என்ற பிடிகருவியில் பூட்டு. ஆரஞ்சுப் பட்டு நூலில் மெழுகைத் தேய்த்துக்கொள். முள்ளின் கண்ணுக்குப் பின்னால் தொடங்கி, சுற்றோடு சுற்று ஒட்டினாற்போல் கீழே போய், முள்முனைக்கு நேர் மேலே நிறுத்தித் திரும்பி வா. அதற்கு மேல் பின்னால் போகாதே, உடம்பு குட்டையாக இருக்கட்டும். பட்டு மட்டுமே உடம்பு, வேறெதையும் சேர்க்காதே.

பிறகு இறகு. கௌதாரியின் முதுகிலிருந்து பழுப்புப் புள்ளி உள்ளதாக ஒன்றை எடு. இழை நீளம் முள்ளின் வளைவை எட்டினால் போதும். அடியிலுள்ள பஞ்சை உரித்துவிடு. நுனியைப் பிடித்துக்கொண்டு மற்ற இழைகளை எதிர்ப்பக்கமாக நீவினால் தண்டு பிரிந்து தெரியும். இப்போது ஒரு பக்கத்து இழைகளை முழுவதும் கிழித்துவிடு. வீணாகிறதே என்று கை தயங்கும், தயங்காமல் கிழி. நுனியைக் கண்ணுக்குப் பின்னால் நூலால் கட்டி, இரண்டே சுற்று சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் ஈர விரலால் இழைகளைப் பின்பக்கம் நீவிக்கொள். தண்டைக் கட்டி நறுக்கி, மூன்று நான்கு சுற்றில் தலையை முடி.

முடித்ததும் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டுப் பார். மேசையில் பளிச்சென்று இருந்த ஆரஞ்சு, நனைந்ததும் செம்பழுப்பாக இருண்டுவிடும். தூண்டில் நரம்பில் கட்டி மெதுவாக இழு, இழைகள் உடம்பை அணைத்துக்கொள்ளும். இழுப்பதை நிறுத்து, மெல்ல விரியும். விரியவில்லையென்றால் அவிழ்த்துக் கட்டு.

வீசுவதில் இரண்டு வழி. ஸ்காட்லாந்தின் டபிள்யூ. சி. ஸ்டூவர்ட் 1857இலேயே ஆற்றின் மேல்நோக்கி வீசச் சொன்னார். ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்பதால், பின்னால் இருக்கும் உன்னை அது பார்க்காது. முள்ளும் வாயில் நன்றாக ஏறும். நரம்பைக் குட்டையாக விட்டு, கோலை உயர்த்திப் பிடித்து, நரம்பு தண்ணீரைத் தொடும் இடத்தையே பார்த்துக்கொண்டிரு. அது கொஞ்சம் தயங்கினாலும் கோலைத் தூக்கு. கஷ்டமான வழிதான், ஆனால் முதலில் இதைத்தான் பழக வேண்டும் என்பேன்.

இன்னொன்று, குறுக்கே சற்றுக் கீழ்நோக்கி வீசி, ஓட்டத்தோடு வளைந்து வர விடுவது. மீன் தானே இழுக்கும். நீ வெடுக்கென்று இழுத்தால் முள் கழன்றுவிடும். பென்சில்வேனியாக்காரர் ஜேம்ஸ் லைசன்ரிங், 1941இல் வெளிவந்த தன் நூலில் இன்னொரு உத்தி சொன்னார். மீன் நிற்கும் இடத்துக்கு மேலே வீசி ஃப்ளையை மூழ்க விடு. கோலால் தொடர்ந்து வந்து, மீனை நெருங்கும்போது கோலை நிறுத்து. நரம்பு இறுகி, ஃப்ளை தானாக மேலே எழும்பும். கற்களிலிருந்து பூச்சி ஏறுவதும் அப்படித்தான்.

வார்ஃப் பக்கத்துப் பழைய ஆட்கள் ஒரே நரம்பில் மூன்று ஃப்ளை கட்டுவார்கள். சிக்கெடுத்தே உன் பொழுது போய்விடும், இப்போதைக்கு ஒன்றே போதும்.

யார்க்‌ஷயரில் ஆற்று ட்ரவுட் பருவம் மார்ச் 25 முதல் செப்டம்பர் 30 வரை. அரசின் தூண்டில் உரிமச் சீட்டும், அந்தக் கரையை வைத்திருப்பவர்களின் அனுமதியும் தனித்தனியாக வேண்டும். முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறடால் நசுக்கிவிடு, மீனைத் திரும்ப விடுவது எளிது. கையை நனைக்காமல் மீனைத் தொடாதே. போல்டன் அபிக்கு மேலே ஸ்ட்ரிட் என்ற இடத்தில் வார்ஃப் முழுவதும் பாறை இடுக்கில் ஒடுங்கிப் பாயும். தாண்டிவிடலாம் போலத் தெரியும், பலர் செத்திருக்கிறார்கள். அந்தப் பாறைப் பக்கமே போகாதே, அம்மாவிடம் நான் பதில் சொல்ல முடியாது.

அடுத்த ஃப்ளையை டம்ளருக்குள் வைத்துப் படம் எடுத்து அனுப்பு. இரண்டு சுற்றுதான்.

அன்புடன்,
மாமா