ஒரே தகட்டில் பல வண்ணம்

புடவையில் மூன்று நிறப் பூ அச்சிட மூன்று அச்சுக்கட்டைகள் வேண்டும் அல்லவா, தோழியரே? ஒரே தகட்டை ஒரே முறை அழுத்தி எல்லா நிறங்களையும் பதிக்க வழி கண்டவர்களுள் ஒருவர் ஓவியர் கிருஷ்ண ரெட்டி.

அவர் 1925-இல், அந்நாளைய சென்னை மாகாணத்துச் சித்தூர் அருகே நந்தனூரில் பிறந்தார். சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் பயின்றார். 1947 முதல் 1949 வரை சென்னைக் கலாக்ஷேத்திராவில் ஓவியப் பிரிவை நடத்தினார். பின்னர் லண்டன், அதன்பின் பாரிஸ். அங்கே ஹெய்ட்டர் என்பவரின் அச்சுக்கூடத்தில் கைக்கோ மோத்தி என்னும் மற்றோர் இந்தியருடன் சேர்ந்து இம்முறையை உருவாக்கினார்.

உலோகத் தகட்டில் அமிலத்தாலும் கருவிகளாலும் மேடு பள்ளங்கள் செய்வர். எண்ணெய் மிகுந்த இளகிய மையைக் கடினமான உருளையால் உருட்டினால் மேட்டில் மட்டும் படியும். அடுத்து எண்ணெய் குறைந்த கெட்டி மையை மெத்தென்ற உருளையால் உருட்டினால் அது பள்ளம்வரை இறங்கும். மேட்டிலுள்ள இளகிய மையோ அதை ஏற்காது. ஆகவே நிறங்கள் கலவாமல் நிற்கும். எண்ணெய் அளவு பிசகினால் எல்லாம் சேறுதான்!

அவர் சிற்பியும் ஆவார். தகட்டையும் சிற்பமாகவே செதுக்கினார் என்று எனக்குத் தோன்றுகிறது. 1963-இல் செய்த 'நீர்ச்சுழல்' புகழ்பெற்றது. 1972-இல் பத்மஸ்ரீ பெற்றார்.

தொழில் இரகசியத்தை ஒளிப்பவர் பலர். இவரோ நியூயார்க்கில் மாணவர்களுக்குக் கற்பித்ததோடு, 1988-இல் அதை நூலாகவும் வெளியிட்டார். 2018-இல் அந்நகரிலேயே காலமானார்.