பெயர் சொல்லி அழைப்போம்




பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஒரு வஃபாத் அறிவிப்பு. "இன்னாருடைய மனைவியும், இன்னாருடைய தாயாரும், இன்னாருடைய மாமியாருமாகிய அவர்கள் வஃபாத்தாகிவிட்டார்கள். ஜனாஸா இன்று அஸர் தொழுகைக்குப் பின் நல்லடக்கம் செய்யப்படும்." கணவர் பெயர் தெரிகிறது, மகன் பெயர் தெரிகிறது, மருமகன் பெயரும் தெரிகிறது. இறந்தவரின் பெயர் மட்டும் தெரிவதில்லை. அந்தத் தெருவிலேயே எழுபது வருடம் வாழ்ந்து, நம்மில் பலருடைய பிள்ளைகளுக்கு அலிஃப், பே சொல்லிக்கொடுத்தவராகக்கூட அவர் இருக்கலாம். யாருக்காகத் தொழுகிறோம் என்று தெரியாமலேயே ஸஃப்பில் நிற்கிறோம்.

அவமதிக்கும் எண்ணத்தில் யாரும் இப்படி அறிவிப்பதில்லை. பழக்கம்தான் காரணம். பழக்கத்தை எடுத்துப் பார்த்துச் சரிசெய்துகொள்ளத்தான் இந்தப் பாடம். பேச்சிலும் அறிவிப்பிலும் படிவத்திலும் ஆணையும் பெண்ணையும் நியாயமாகக் குறிப்பிடுவது எப்படி என்று இம்மாதம் பார்ப்போம்.

1. பெயரை மறைப்பது மரியாதையா?

"பெண்களின் பெயரைப் பொதுவில் சொல்லாதது வெட்கத்தைப் பேணும் மரியாதை" என்று பெரியவர்கள் சிலர் கூறுவார்கள். அவர்களின் நல்லெண்ணத்தை மதிக்கிறோம். ஆனால் நபி (ஸல்) அவர்களின் நடைமுறை வேறாக இருந்தது. மக்களில் உங்களுக்கு மிகவும் பிரியமானவர் யார் என்று அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) கேட்டபோது, நபியவர்கள் தயங்காமல் ஆயிஷா என்று பெயரைச் சொன்னார்கள். இஃதிகாஃபில் இருந்த ஓர் இரவு, தம்மைப் பார்க்க வந்த மனைவியை வழியனுப்ப நபியவர்கள் உடன் நடந்தார்கள். வழியில் அன்சாரிகள் இருவர் பார்த்துவிட்டு விரைந்து சென்றபோது, அவர்களை நிறுத்தி, இவர் ஹுயையின் மகள் ஸஃபிய்யா என்று பெயரோடு சொன்னார்கள். இரண்டும் புகாரியில் பதிவானவை.

அல்குர்ஆனில் ஓர் அத்தியாயத்தின் பெயரே மர்யம். ஆயிஷா (ரலி) வழியாக மட்டும் 2,000-க்கும் மேற்பட்ட ஹதீஸ்கள் நம்மை வந்தடைந்துள்ளன. அறிவிப்பாளர் தொடரில் பெண்களின் பெயரை மறைத்திருந்தால் மார்க்க அறிவில் எவ்வளவு பெரிய பகுதி நின்றுபோயிருக்கும்!

குடும்பத்தார் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றால் அவர்கள் விருப்பத்தை மதிப்போம். ஆனால் அவர்களைக் கேட்காமல் நாமாக விட்டுவிட வேண்டாம்.

2. 'மக்களே' என்றால் யார்?

முஸ்லிமில் ஒரு சம்பவம் வருகிறது. உம்மு ஸலமா (ரலி) அவர்களுக்குப் பணிப்பெண் தலைவாரிக்கொண்டிருக்கிறார். மிம்பரிலிருந்து மக்களே என்று நபியவர்கள் அழைக்கும் குரல் கேட்கிறது. சற்று விலகு என்று சொல்லி உம்மு ஸலமா எழுகிறார். அழைத்தது ஆண்களைத்தானே, பெண்களை அல்லவே என்கிறார் பணிப்பெண். நானும் மக்களில் ஒருத்தி அல்லவா என்று பதில் சொல்லிவிட்டு அவர் கேட்கச் செல்கிறார்.

நம் அறிவிப்புகளைக் கேட்கும் பெண்களுக்கு அந்த உறுதி வருகிறதா? "மாணவர்களுக்கான கல்வி உதவித்தொகை" என்று நோட்டீஸ் ஒட்டினால், "பொம்பளப் பிள்ளைக்கும் உண்டா?" என்று கேட்க ஒரு தாய் வர வேண்டியிருக்கிறது. கேட்கத் தயங்கியவரின் மகளுக்கு அந்த வருட உதவி கிடைக்காமலே போகிறது. "மாணவ, மாணவியர்" என்று எழுத இன்னும் ஒரு சொல்தான் தேவை. "சகோதரர்களே" என்பதை "சகோதர, சகோதரிகளே" என்று சொல்ல ஒரு நொடிகூட ஆகாது. அஹ்ஸாப் அத்தியாயத்தின் 35-ஆம் வசனம் பத்து நற்பண்புகளை எண்ணிச் சொல்கிறது. ஒவ்வொன்றிலும் ஆண்களையும் பெண்களையும் தனித்தனியே குறிப்பிடுகிறது.

3. இழந்ததை அடையாளமாக்க வேண்டாம்

கணவரை இழந்தவரை 'விதவை' என்கிறோம். மணவாழ்வு முறிந்து தாய்வீடு வந்தவரை 'வாழாவெட்டி' என்கிறோம். திருமணம் தள்ளிப்போனவர் 'முதிர்கன்னி'. குழந்தை இல்லாதவர் 'மலடி'. மனைவியை இழந்த ஆணுக்கும் 'தபுதாரன்' என்று ஒரு சொல் தமிழில் உண்டு. அதைச் சொல்லி யாரையாவது நாம் கூப்பிட்டதுண்டா? அவரை "காதர் பாய்" என்று பெயர் சொல்லித்தானே அழைக்கிறோம்? அந்த நியாயம் பெண்ணுக்கும் வேண்டும்.

உதவி பெறுவோர் பட்டியலை நாலு பேர் முன்னால் "விதவைகள் இந்தப் பக்கம், தலாக் ஆனவங்க அந்தப் பக்கம்" என்று வாசித்தால், மானமுள்ள ஒரு பெண் அடுத்த மாதம் வரமாட்டார். அவர் வீட்டு அடுப்பும் பிள்ளைகளின் படிப்பும் அந்த ஒரு சொல்லால் பாதிக்கப்படும். வரிசை எண்ணையும் பெயரையும் மட்டும் சொல்லி அழைத்தால் போதும். உதவிக்கான காரணம் பதிவேட்டில் இருந்தால் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வட்டாட்சியர் அலுவலகத்தில் தரும் ஓய்வூதிய விண்ணப்பத்தில் 'ஆதரவற்ற விதவை', 'கணவரால் கைவிடப்பட்டவர்' என்று இருந்தால், அதை மாற்றி எழுதாதீர்கள். விண்ணப்பம் திரும்பி வந்துவிடும். அது திட்டத்தின் பெயர். அதை எழுதித் தரும் நம் தொண்டர் அந்தப் பெண்ணிடம் பேசும்போது, "ராத்தா, உங்க பேரு என்ன?" என்று தொடங்கட்டும்.

நீதிமன்றங்களும் இதைக் கவனித்திருக்கின்றன. தீர்ப்புகளிலும் மனுக்களிலும் பெண்களைத் தாழ்த்தும் சொற்களைத் தவிர்க்க, மாற்றுச் சொற்களோடு ஒரு கையேட்டை உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் வெளியிட்டது.

4. அவன், அவள், அவர்

பால் வேறுபாடு காட்டாமல் மரியாதை தரும் சொல் தமிழில் தயாராகவே இருக்கிறது. 'அவர்' என்பது ஆணுக்கும் பொருந்தும், பெண்ணுக்கும் பொருந்தும். ஆசிரியர், மருத்துவர், ஓட்டுநர், உறுப்பினர் ஆகியவையும் அப்படியே. ஆனால் நாம் அதைப் பங்கிடுவதில் நியாயம் இல்லை. முப்பது வயது மேலாளர் "வந்தார்". அறுபது வயதில் கூட்டிப் பெருக்குகிற அம்மா "வந்தா". 'வேலைக்காரி' என்பதை விட்டு 'பணியாளர்' என்போம். நேரில் அக்கா, மாமி என்று முறை சொல்லிக் கூப்பிடுவோம்.

திருநங்கை, திருநம்பி என்ற கண்ணியமான சொற்கள் வழக்கத்துக்கு வந்துவிட்டன. பழைய ஏளனச் சொற்களை நம் வீட்டுப் பிள்ளைகள் விளையாட்டாகச் சொன்னாலும் தடுக்க வேண்டும். பட்டப்பெயர் சூட்டுவதையும், ஆண்கள் ஆண்களையும் பெண்கள் பெண்களையும் பரிகசிப்பதையும் ஹுஜுராத் அத்தியாயத்தின் 11-ஆம் வசனம் தடுக்கிறது.

"ஆம்பளப் பிள்ளை அழலாமா?", "பெண் புத்தி பின் புத்தி" போன்றவையும் இந்தக் கணக்கில்தான் சேரும். முதலாவது மகனுடைய வேதனையை அடைக்கிறது. இரண்டாவது மகளுடைய யோசனையை அடைக்கிறது.

5. சொல்லை மாற்றினால் வாழ்க்கை மாறுமா?

"பேரை மாற்றிவிட்டால் கஷ்டம் தீர்ந்துவிடுமா?" என்று கேட்கலாம். தீராது. உதவியும் வேண்டும், சொல்லும் வேண்டும். ஆனால் சொல் சிறிய விஷயம் அல்ல. அக்கால அரபியர் மனைவியைத் தம் தாயின் முதுகுக்கு ஒப்பிட்டுச் சொல்லி ஒதுக்கிவிடுவார்கள். அப்படி ஒதுக்கப்பட்ட கவ்லா (ரலி) நபியவர்களிடம் முறையிட்டார்கள். அவருடைய முறையீட்டை அல்லாஹ் கேட்டுவிட்டதாக முஜாதலா அத்தியாயம் தொடங்குகிறது. அந்தப் பேச்சு வெறுக்கத்தக்கது, பொய்யானது என்று அறிவித்து, அதற்குப் பரிகாரமும் விதித்தது. ஓர் அடிமையை விடுதலை செய்ய வேண்டும். இயலாவிட்டால் தொடர்ந்து இரண்டு மாதம் நோன்பு. அதுவும் இயலாவிட்டால் அறுபது ஏழைகளுக்கு உணவு. ஒரு பெண்ணைக் காயப்படுத்திய ஒரு வாக்கியத்தின் கனம் அவ்வளவு.

இம்மாதப் பயிற்சி

• உங்கள் மஹல்லா நோட்டீஸ் ஒன்றை எடுத்து வாசியுங்கள். பெண்களும் மாணவிகளும் அதில் இருக்கிறார்களா?
• வீட்டு வேலைக்கு வருபவரின் பெயர் உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியுமா? கேட்டுப் பாருங்கள்.
• படிவத்தில் 'கணவர் பெயர்' மட்டும் இருந்தால் 'தாய் / தந்தை / கணவர் / பாதுகாவலர் பெயர்' என்று எழுதச் சொல்லுங்கள்.
• 'மலடி' என்ற சொல் காதில் விழுந்தால், "குழந்தைப் பேறு இல்லாத தம்பதி" என்று அமைதியாகத் திருத்துங்கள்.
• எப்படி அழைப்பது என்று தெரியாவிட்டால், "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று அவரிடமே கேளுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். இனி வரும் வஃபாத் அறிவிப்புகளில், குடும்பத்தாரிடம் கேட்டு, மறைந்த சகோதரியின் பெயரை முதலில் சொல்லி, அதன் பிறகு உறவுகளைச் சொல்லுங்கள். அவருக்காகக் கையேந்தும்போது அவர் பெயரைச் சொல்லியே கேட்போம்.

நம் நாவுகளை அல்லாஹ் நேர்மையாக்கி வைப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.

செயலாளர்